படம் பிறகு, முதலில் பலகை

தங்களுக்கென்று ஒரு யுகுலேலி செய்து தரும்படி கேட்டு எழுதும் நண்பர்களுக்கு,

உங்கள் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரு படத்தோடு வருகின்றன. பலகை முழுக்க அலையலையாக ரேகை ஓடும் ஹவாயின் கோவா மரம், நடுத்துளையைச் சுற்றிச் சிப்பி பதித்த வளையம், முகம் பார்த்துத் தலைவாரலாம் என்கிற அளவுக்குப் பளபளப்பு. "இதே மாதிரி வேண்டும்" என்று ஒரு வரி. எவ்வளவு ஆகும், எப்போது கிடைக்கும் என்று இரண்டு கேள்விகள். உங்கள் ஆசையை மதிக்கிறேன். கையால் செய்த வாத்தியத்துக்காகக் காசும் கொடுத்துக் காத்திருக்கவும் தயாராக இருக்கிறவர்கள் இல்லையென்றால், சென்னையில் என் வீட்டுப் பின்கட்டில் இந்தப் பட்டறையே இருக்காது. ஆனால் யுகுலேலிக்கு உயிர் கொடுப்பது எதுவோ அது அந்தப் படத்தில் தெரியாது. மேல்பலகையின் கனத்தைத்தான் சொல்கிறேன். வாத்தியம் பாடுவதும் ஊமையாகக் கிடப்பதும் அதைப் பொறுத்தது.

யுகுலேலியில் இருப்பவை நான்கு நைலான் தந்திகள். இரும்புத் தந்தி கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. யுகுலேலியில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. விரல் மீட்டும்போது தந்தியில் ஏறுகிற சக்தியும் அதற்கேற்ற மாதிரி சொற்பம்தான். அந்தச் சொற்பத்தைக் குதிரை வழியாக வாங்கிக் காற்றை அசைத்துக் காட்ட வேண்டியது மேல்பலகையின் வேலை. பலகை கனத்திருந்தால் அது அசையவே யோசிக்கும். தந்தி என்ன பேசினாலும் பெட்டிக்குள்ளேயே அடங்கிப்போகும். மெலிந்திருந்தால் சின்னத் தொடுகைக்கும் பதில் சொல்லும். அளவு மீறி மெலிந்தால் தந்திகளின் இழுவையில் குதிரைக்கு முன்புறம் பள்ளம் விழும், பின்புறம் மேடு தட்டும். பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் கனத்தையொட்டி, அதற்குச் சற்றுக் கீழேதான் அந்தக் கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை எவ்வளவு நெருங்கத் துணிகிறோம் என்பதற்குத்தான் நீங்கள் கடை விலையைவிட அதிகமாகக் கொடுக்கிறீர்கள்.

கைதேர்ந்தவர்களே இதைத் தாமதமாகத்தான் கற்றார்கள். 1833 முதல் கிட்டார் செய்துவந்த அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1907 வாக்கில் சில யுகுலேலிகளைச் செய்து பார்த்தது. கிட்டார் செய்த பழக்கத்தில் ஸ்புரூஸ் மேல்பலகை போட்டு, அதன் அடியில் வேண்டியதற்கு மேல் தாங்குகட்டைகளை ஒட்டிவிட்டார்கள். ஒலி அடைத்துப்போயிற்று, அந்த முயற்சி எடுபடவில்லை. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா பசிபிக் கண்காட்சியில் ஹவாய்க்காரர்களின் இசையைக் கேட்டு அமெரிக்காவே யுகுலேலிக்கு அலைந்தபோதுதான் மார்ட்டின் மறுபடி இறங்கியது. இம்முறை மகாகனி, மெல்லிய பலகை, குறைந்த தாங்குகட்டைகள். அந்தக் காலத்து மார்ட்டின் யுகுலேலிகளை இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். அலங்காரமே இல்லாத எளிய ரகங்களைக்கூட.

ஹவாயில் இதைத் தொடங்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. 1879 ஆகஸ்ட் 23-ஆம் தேதி ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் போர்ச்சுக்கலின் மதேரா தீவிலிருந்து ஹொனலுலு துறைமுகத்துக்கு வந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கென்று ஒப்பந்தத்தில் வந்த நானூறுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் மானுவெல் நூனெஸ், அகஸ்டோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ மூவரும் மரவேலைக்காரர்கள். தோட்டத்திலிருந்து விடுபட்டு 1880-களில் ஹொனலுலுவில் பட்டறை போட்டவர்கள், தங்கள் ஊர் மஷேட்டி என்ற நான்கு தந்திச் சிறு வாத்தியத்தை அடிப்படையாக வைத்து, கையில் கிடைத்த கோவா மரத்தில் புதியது ஒன்றைச் செய்தார்கள். அரசர் கலாகௌவாவின் ஆதரவு கிடைத்தது. அரண்மனைக் கூத்திலும் ஊர்க்கூத்திலும் அது நுழைந்தது. அந்த ஆரம்ப கால வாத்தியங்கள் தூக்கினால் காற்றைத் தூக்கியது போலிருக்கும் என்பார்கள்.

நூனெஸிடம் தொழில் கற்ற சாமுவேல் கமக்கா, 1916-இல் ஹொனலுலுவின் கைமுக்கி பகுதியில் தன் வீட்டு நிலவறையில்தான் தொழிலை ஆரம்பித்தார். இன்றும் அந்தக் குடும்பமே அந்தப் பெயரில் செய்துவருகிறது. வீட்டுப் பட்டறை என்றால் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்லிவைப்பேன். கமக்கா பட்டறையைப் பற்றி எனக்கு மிகப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. காது கேளாத கைவினைஞர்கள் பலர் அங்கே நெடுங்காலம் வேலை பார்த்தார்கள். பலகையைத் தட்டி, அதன் அதிர்வை விரல் நுனியில் வாங்கி, இன்னும் இழைக்க வேண்டுமா போதுமா என்று சொல்லிவிடுவார்கள். வாத்தியத்தின் குரலைத் தீர்மானிக்கிற அந்த வேலை, காதுக்கு முன்னால் கையில் நடக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

என் பட்டறையில் அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரண்டு துண்டுகளைப் புத்தகம் விரித்தது மாதிரி எதிரெதிராக ஒட்டி மேல்பலகை ஆக்குவேன். இழைப்புளி 3 மில்லிமீட்டர் வரைதான். அதற்குப் பிறகு இரும்புச் சுரண்டுதகடு. கட்டைவிரல்கள் இரண்டும் தகட்டின் முதுகில் அழுத்த, இலேசாக வளைத்து இழுத்தால் வெங்காயத் தோல் கனத்தில் சீவல் எழும். கொஞ்ச நேரம் இழுத்தால் தகடு சூடேறி விரல் பொறுக்காது, நிறுத்தித்தான் ஆகவேண்டும். அந்த இடைவெளியில் பலகையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, சந்தையில் பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பதைப் போல, நடுவில் சுண்டிப் பார்ப்பேன். 3 மில்லிமீட்டரில் வெறும் 'டொக்'. இரண்டரையில் அந்த 'டொக்'குக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று படும். 2-ஐ நெருங்கும்போது சத்தம் தாழ்ந்து, அகன்று, நின்று ஒலிக்க ஆரம்பிக்கும். பிறகு இரண்டு கையாலும் பிடித்து ரேகைக்குக் குறுக்கே வளைத்துப் பார்ப்பேன். இதற்கு மேல் அளவுமானியை நம்புவதில்லை. ஒரு மாம்பலகை 2.1-இல் போதும் என்னும். அதே மரக்கடையில் வாங்கிய இன்னொன்று 1.8 வரை விடாது. ஆலையில் எல்லாப் பலகையையும் ஒரே கனத்துக்கு இயந்திரத்தில் விடுகிறார்கள். உறுதிச்சீட்டு கொடுத்து விற்க வேண்டியவர்கள் அவர்கள். எந்தப் பலகையும் உடையாத கனத்தைத்தான் வைப்பார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் வந்தும் அதே கனத்தை வாங்கிப் போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இனி மரம். கோவா ஹவாய்த் தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். அருமையான குரல், அருமையான நிறம். விலையும் அப்படியே. நீங்கள் படத்தில் காட்டும் அலைரேகைக் கோவா இன்னும் விலை அதிகம். அந்த அலைரேகை குரலுக்கு எதையும் சேர்ப்பதில்லை. நார் நேராக ஓடாமல் மேலும் கீழும் நெளிந்து போவதால்தான் அந்த அழகு வருகிறது. அதே காரணத்தால் பக்கப்பலகையை வளைக்கும்போது நார் முறியும் இடங்களும் அங்கேயே இருக்கின்றன. பக்கப்பலகை வளைப்பதை ஒருமுறை பார்த்தால் புரியும். ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள பட்டையை நனைத்து, உள்ளே தணல் வைத்தது போலக் கொதிக்கும் இரும்புக் குழாயின் மேல் வைத்து, இரண்டு கையாலும் மெல்ல அழுத்திக் காத்திருப்பேன். ஆவி கிளம்பும். முதலில் மரம் எதிர்த்து நிற்கும். சூடு உள்ளே இறங்கியதும், நாரையும் நாரையும் பிடித்து வைத்திருக்கும் பொருள் இளகி, ஒரு நொடியில் எதிர்ப்பு விட்டுப்போய்ப் பட்டை கைக்கு வரும். அந்த நொடிக்கு முன்னால் அவசரப்பட்டால் முறியும். நேர்நார் மரத்தில் அந்த நொடி தெளிவாகத் தெரியும். அலைரேகை மரத்தில் ஒரு இடத்தில் இளகியிருக்கும், விரற்கடை தள்ளி இளகியிருக்காது.

அதனால் நான் திரும்பத் திரும்ப உங்களிடம் மாமரத்தைப் பற்றிப் பேசுகிறேன். கோவா கிடைக்காததற்கு மாற்று என்று எண்ண வேண்டாம். நம் பக்கத்திலிருந்து போன மாமரம் ஹவாயில் நன்றாக வேரூன்றிவிட்டது. அங்குள்ள கைவினைஞர்களே அதில் மனமுவந்து யுகுலேலி செய்கிறார்கள். காய்ப்பு நின்ற மரத்தை அறுக்கும்போது உள்ளே மஞ்சளும் பழுப்பும், சிலவற்றில் பூஞ்சை வரைந்த கருங்கோடுகளும் இருக்கும். குரல் இதமானது, கூர் குறைவு, பாட்டுக்குத் துணை போவதற்கு ஏற்றது. அதே போல் நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரம். தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து இங்கேயும் வந்தது, ஹவாய்க்கும் போனது. அங்கே அதில் கிண்ணம் கடைகிறார்கள், யுகுலேலியும் செய்கிறார்கள். இங்கே புயலில் சாய்ந்தால் விறகாகப் போகிறது. எனக்கு வருத்தமான விஷயம் இது. வீணைக்குக் குடம் தருகிற பலாவையும் கேட்கிறீர்கள். கழுத்துக்கும் முதுகுக்கும் பலா சரி. மேல்பலகைக்கு நான் வைப்பதில்லை. தோதகத்தி கேட்பவர்களுக்கு: விரல்பலகைக்கும் குதிரைக்கும் சிறு துண்டு போதும். உலகளவில் வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கும் மரம் அது. எங்கிருந்து வந்தது என்று சீட்டு காட்ட முடியாத பலகையை என் பட்டறைக்குள் விடுவதில்லை.

பளபளப்புக்கு வருகிறேன். ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிய கனமான லாக்கர், சுரண்டிச் சுரண்டிக் குறைத்த கனத்தை வேறு உருவத்தில் திருப்பிக் கொண்டுவந்து ஒட்டுவதுதான். நான் அரக்குதான் பூசுகிறேன். ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் மரக்கிளைகளில் பூச்சி சுரக்கும் அரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணிப்பொட்டலத்தில் நனைத்து, சுழித்துச் சுழித்துத் தேய்ப்பது. பழைய நாற்காலி மேசைக்கு நம் ஆசாரிகள் போட்ட அதே பாலிஷ். படலம் மிக மெல்லியது. வியர்வைக்கும் கீறலுக்கும் லாக்கர் அளவு தாங்காது, உண்மை. ஆனால் மங்கிய இடத்தில் மறுபடி பூசினால் பழையதோடு கலந்து ஒன்றாகிவிடும். கைபட்டு மங்கிய வாத்தியத்தைக் கொண்டுவாருங்கள், பூசித் தருகிறேன். அதே போல, மேல்பலகையில் படம் வரையவோ பெயர் பதிக்கவோ கேட்காதீர்கள். குழந்தையின் பெயரோ அம்மாவின் பெயரோ தலைப்பகுதியில் பதித்துத் தருகிறேன். அங்கே அது குரலைத் தொடாது.

கர்நாடக இசை கற்றவர்களிடமிருந்து தனியாக ஒரு கேள்வி வருகிறது: கமகம் வருகிற மாதிரி செய்ய முடியுமா? ஒளிக்காமல் சொல்கிறேன். வீணையில் உலோகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் ஏறுகிறது. நைலான் தந்தி இளக்கமானது. எவ்வளவு இழுத்தாலும் ஏறுவது கொஞ்சம்தான். அத்தோடு யுகுலேலியின் நாதம் சீக்கிரம் தேய்ந்துவிடும். நீண்ட ஜாருவுக்கு நடுவிலேயே தந்தி ஓய்ந்திருக்கும். மெட்டில்லாத விரல்பலகை கேட்டால் செய்து தருவேன், ஆனால் வீணையை அதில் எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். பாட்டுக்கு இசைவாகத் தட்டிக்கொண்டு போக, குழந்தைகளுக்குச் சுருதி பழக்க, வர்ணமெட்டை மெல்லக் கோடிட்டுக் காட்ட அது போதும். அதை அதுவாக ஏற்றுக்கொண்டால் நிறையத் தரும். நான்கு தந்திகளும் வழக்கமாக 5, 1, 3, 6 கட்டையில் நிற்கும். அதில் 5 கட்டைத் தந்தி கீழ் ஸ்தாயியில் இல்லாமல் மேலே இருப்பதால்தான் அந்தக் கலகலப்பு. தாழ்ந்த சுருதி வேண்டுமென்றால் அந்த ஒரு தந்தியைக் கீழே இறக்கலாம். பெரிய பெட்டியான டெனரில் அது நன்றாக எடுபடும். நீங்கள் பாடுகிறவர் என்றால் உங்கள் கட்டையை எழுதுங்கள். எந்த அளவு, எப்படிச் சேர்ப்பது என்பதை அதிலிருந்து முடிவு செய்வேன்.

வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிப்பார்கள். ஒலி விலகினால் இளக்கி நகர்த்திவிடலாம். இங்கே அப்படி இல்லை. விரல்பலகையில் ரம்பத்தால் கீறி, கம்பியை அடித்து இறக்கியதும் அதோடு முடிந்தது. தந்தியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம். மிச்சத்தை மறுபடி வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில் வந்து நிற்கும். டெனருக்கு 430 மில்லிமீட்டர் என்று வைத்தால் முதல் மெட்டு 24.13-இல், பன்னிரண்டாவது 215-இல். சின்ன வாத்தியமாக இருப்பதால் ஒரு மில்லிமீட்டர் தவறினாலே பழகிய காதுக்கு உறுத்தும். அழுத்தும்போது தந்தி சற்று நீள்வதால், குதிரையைக் கணக்கைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பின்னால் தள்ளியே ஒட்டுவேன். "குதிரை பின்னால் தள்ளி இருக்கிறதே" என்று நீங்கள் எழுதும் கடிதங்களுக்கு இதுவே பதில்.

கை அளவைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. கழுத்தின் தொடக்கத்தில் அகலம் 35 மில்லிமீட்டரா 38-ஆ என்பது தடித்த விரல்காரருக்குப் பெரிய வித்தியாசம். கட்டைவிரல் மூட்டில் வலி உள்ளவர்கள் கழுத்து மெலிதாக இருந்தால் சுகம் என்று நினைக்கிறார்கள். பலருக்கு நேர்மாறு, மெலிந்த கழுத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், சற்றுத் திரண்ட கழுத்து உள்ளங்கையில் தானாக அமரும். முடிந்தால் நேரில் வந்து, செய்து வைத்திருக்கும் கழுத்துகளைப் பிடித்துப் பாருங்கள். வர முடியாதவர்கள் ஒரு தாளில் இடது கையை விரித்து வைத்துக் கோடு வரைந்து அனுப்புங்கள். இடக்கைப் பழக்கம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தந்தியை மாற்றிப் போட்டால் போதும் என்பது சரியல்ல, குதிரையும் உள்ளே தாங்குகட்டையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பது இவற்றையெல்லாம்விட முக்கியம். மரம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், உலர்ந்த காற்றில் விட்டுவிடும். ரேகைக்குக் குறுக்கே அது விரிவதும் சுருங்குவதும் அதிகம். ஒரு சாண் அகலப் பலகையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை வித்தியாசம் வரலாம். அடியில் குறுக்காக ஒட்டிய தாங்குகட்டை அந்த அளவுக்குச் சுருங்காது. பலகை சுருங்கப் பார்க்கும், கட்டை விடாது, கடைசியில் பலகை வெடிக்கும். சென்னையின் ஈரக்காற்றில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஒட்டிய பெட்டி, டெல்லியின் குளிர்காலத்திலோ டொரன்டோவில் ஹீட்டர் ஓடும் வீட்டிலோ அப்படித்தான் வெடிக்கும். அதனால் பலகைகளை ஏசி அறையில் ஈரமானி 45 சதவீதத்தையொட்டிக் காட்டும்போதுதான் ஒட்டுகிறேன். மழைக்காலத்தில் வேலை இழுத்துக்கொண்டு போவதற்குக் காரணம் இதுதான், தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். குதிரைக்கும் தாங்குகட்டைக்கும் வச்சிரம் காய்ச்சித்தான் ஒட்டுகிறேன். நாளைக்குப் பழுது பார்க்க வேண்டுமென்றால் சூடும் ஈரமும் காட்டி அலுங்காமல் பிரிக்கலாம். அதே காரணத்தால், வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். வறண்ட ஊர்க்காரர்கள் பெட்டிக்குள் ஈரம் தரும் பொட்டலத்தைப் போட்டு மூடி வையுங்கள். அழகுக்காகச் சுவரில் மாட்ட வேண்டாம்.

ஆகவே அடுத்த முறை எழுதும்போது இவற்றைச் சொல்லுங்கள். எந்த ஊர், வீட்டில் ஏசியோ ஹீட்டரோ எவ்வளவு நேரம் ஓடும். யார் வாசிக்கப் போகிறார், அவர் வயது என்ன, பாடுவாரா, எத்தனை கட்டை. கை வரைந்த தாள். வீட்டில் பத்துப் பேருக்கு வாசிக்கவா, மேடையில் மைக் முன்னால் நிற்கவா. வீட்டு மாமரமோ தோட்டத்து மரமோ சாய்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள். துண்டுபோட்டு விறகுக்கு விற்பதற்கு முன்னால், முழங்கை நீளத்துக்கு முடிச்சில்லாத ஒரு கட்டையை மட்டும் ஒதுக்கி, வெட்டிய முனைகள் இரண்டிலும் மெழுகோ பெயிண்டோ பூசி நிழலில் வையுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாகப் போனால் கட்டை பிளந்துவிடும். பலகை அறுத்துக் காயவைத்துப் பதப்படுத்தி அதிலேயே செய்து தருகிறேன். அதற்கு வழக்கத்தைவிட அதிக நாள் ஆகும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

படத்தையும் அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கடிதத்தின் கடைசியில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் யுகுலேலிக்குப் பலகை இழைக்கும் ஒருவன்